பதில்: அப்பா பெயரில் வந்த எக்ஸ்பார்ட்டி டிகிரி

அப்பாவுக்குச் சம்மனே வரவில்லை, திடீரென்று நிறைவேற்று மனு (தீர்ப்பைச் செயல்படுத்தக் கேட்கும் மனு) நோட்டீஸ் வந்திருக்கிறது, அதில் ‘எக்ஸ்பார்ட்டி டிகிரி’ என்று இருக்கிறது, வீடு போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். பிரதிவாதி ஆஜராகாததால் வாதி தரப்பை மட்டும் கேட்டுச் சொன்ன தீர்ப்பு அது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9 விதி 13-இன்படி அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

கெடு 30 நாள்தான். வழக்கமாகத் தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ணுவார்கள். சம்மன் முறைப்படி சார்வாகவில்லை, அதாவது உரியபடி கொண்டு சேர்க்கப்படவில்லை என்றால், தீர்ப்பு பற்றி அப்பாவுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து. எனவே அந்த நோட்டீஸைக் கவரோடு பத்திரமாக வையுங்கள். கெடு தாண்டியிருந்தாலும், தாமதத்துக்குத் தக்க காரணம் சொல்லி மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போடலாம்.

நாளைக்கே வக்கீல் மூலம் வழக்குக் கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சம்மன் எந்த முகவரிக்குப் போனது, யார் வாங்கினார், கதவில் ஒட்டினார்களா, பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்களா என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. இன்னொன்று: ரத்து மனு போட்டதாலேயே நிறைவேற்றம் நின்றுவிடாது. அதற்குத் தடை உத்தரவைத் தனியாகக் கேட்க வேண்டும். நோட்டீஸில் உள்ள வாய்தாவுக்குக் கட்டாயம் ஆஜராகுங்கள்.