கோல்டர்ஸ் கிரீனுக்குக் குடிவந்த தம்பிக்கு

வட லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் அறை எடுத்திருக்கிறீர்கள். தெருமுனையில் உள்ள யூத சமூகக் குழுவின் பேஸ்புக் பக்கத்தில் விழாவுக்கு அழைப்பு இருக்கிறது, ஆனால் எங்கே என்று போடவில்லை. கருத்து எழுத வழியில்லை. அவர்கள் கோயிலான சினகாக் வாசலில் காதில் கருவி மாட்டிய ஆட்கள் நிற்கிறார்கள். தெரியாமல் ஆபத்தான இடத்துக்கு வந்துவிட்டேனா, அந்தப் பக்கத்தில் நானும் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புது வீட்டு வாசல் படமும் அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பயப்படும்படியான இடம் இல்லை, தம்பி. நான் பக்கத்து ஹெண்டனில்தான் பல வருடமாக இருக்கிறேன். ராத்திரி பதினொன்றுக்கு நார்தர்ன் லைன் ரயிலிலிருந்து இறங்கித் தனியாகத்தான் நடந்து வருகிறேன். 2021 சனத்தொகைக் கணக்குப்படி இங்கிலாந்திலேயே யூதர்கள் அதிகம் வாழ்வது நம் பார்னெட் கவுன்சில் பகுதியில்தான். அதனால் காவலும் இங்கே அதிகமாகக் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். வாசலில் நிற்கிறவர்களில் பலர் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, அதே கோயிலுக்கு வருகிற பல் டாக்டரும் கணக்கரும்தான், முறை வைத்து நிற்கிறார்கள். கம்யூனிட்டி செக்யூரிட்டி டிரஸ்ட் என்ற அமைப்பு இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. சிஎஸ்டி என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். நாடு முழுக்க யூத வெறுப்புச் சம்பவங்களைக் கணக்கெடுப்பதும் அவர்கள்தான். 2022-ல் ஆயிரத்து அறுநூறு சொச்சமாக இருந்தது 2023-ல் நாலாயிரத்தைத் தாண்டியது, 2024-லும் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இணையத்தில் நடந்தது. கருத்துப் பெட்டி ஏன் மூடியிருக்கிறது என்று இதிலிருந்தே புரியும். முதியோருக்கு மதியச் சாப்பாடு என்று ஒரு படம் போட்டால் போதும், கீழே ஹிட்லரைக் கொண்டு வந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதையெல்லாம் உட்கார்ந்து அழிக்க ஆள் வேண்டாமா? பக்கத்தை நடத்துவது பெரும்பாலும் வேலை முடிந்து வந்த பிறகு போனை எடுக்கிற ஒரு தன்னார்வலர்தான்.

இடத்தை மறைப்பதும் அப்படித்தான். பெயர் கொடுத்துப் பதிவு செய்தால் முகவரி மின்னஞ்சலில் வரும். விழாப் படங்களை மறுநாளோ அதற்குப் பிறகோதான் போடுவார்கள், நடக்கும்போது போட மாட்டார்கள். கொஞ்சம் உற்றுப் பாருங்கள், குழந்தைகள் படத்தில் முதுகுதான் தெரியும், பள்ளிச் சின்னம் தெரியாது. 2023 அக்டோபரில் வட லண்டனில் சில யூதப் பள்ளிகள் ஒரு வெள்ளிக்கிழமை மூடியே விட்டன. சின்னம் போட்ட கோட்டைத் தெருவில் கழற்றிக்கொள்ளலாம் என்று பிள்ளைகளுக்குச் சொன்ன பள்ளிகளும் உண்டு. நம் ஆட்கள் ஹாலுக்குள் நுழையும்போதே லைவ் போடுகிறவர்கள், நமக்கு இது விநோதமாகத்தான் இருக்கும்.

வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி இரவு வரை அந்தப் பக்கம் செத்துக் கிடக்கும். அது சப்பாத், அவர்களுடைய வாராந்தர ஓய்வு நாள். அதை அனுசரிக்கிற யூதர்கள் அன்று போனைத் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமைப் பதிவில் ஒரு நேரம் போட்டிருக்கும், அது சப்பாத் தொடங்கும்போது வீட்டில் விளக்கேற்றும் நேரம். சூரியனைப் பார்த்து மாறும் என்பதால் டிசம்பரில் மதியம் மூன்றரைக்கெல்லாம் வந்துவிடும், ஜூனில் ஒன்பதைத் தாண்டும். இந்த வழக்கத்துக்கு ஒரு கொடுமையான பக்கமும் இருக்கிறது. ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7 சனிக்கிழமை, பண்டிகை நாளும்கூட. இங்கே அந்தப் பண்டிகை ஞாயிறும் தொடர்ந்தது. இஸ்ரேலில் அண்ணன் தம்பி இருக்கிறவர்கள்கூட ஞாயிறு இரவு வரை போனைத் திறக்காமல், வாசல் காவலாளும் அக்கம்பக்கத்தாரும் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். 2025 அக்டோபர் 2 யோம் கிப்பூர், அவர்களுக்கு வருடத்திலேயே பெரிய நாள், உபவாசம். அன்று காலை மான்செஸ்டர் ஹீட்டன் பார்க் சினகாக்கில் தாக்குதல் நடந்து இருவர் இறந்தபோதும் இதே கதைதான். உலகமே அவர்கள் பக்கத்தில் போய் “நலமா” என்று கேட்டுக்கொண்டிருந்தது, பதில் சொல்ல வேண்டியவர்கள் கோயிலுக்குள் இருந்தார்கள். ஆகவே பதில் வரவில்லை என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, சேரலாமா? தாராளமாகப் பின்தொடரலாம். உணவு வங்கிக்கு டின் சேகரிப்பு, நவம்பரில் மிட்ஸ்வா டே என்ற சேவை நாள் என்று வரும். மிட்ஸ்வா டேயில் வேறு மதத்தவர்களும் சேர்ந்து வேலை செய்வார்கள். பதிவு செய்யும்போது யார், எப்படித் தெரியும் என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள், முதல் தடவை வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். ரோஷப்படாதீர்கள். வெள்ளைக்காரனையும் கேட்பார்கள்.

காஸாவைப் பற்றி உங்களுக்கு அழுத்தமான கருத்து இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் இருக்கிறது. லண்டனில் ஊர்வலங்கள் நடக்கின்றன, தொகுதி எம்பிக்கு எழுதலாம். அந்த ஊர்வலங்களில் பதாகை பிடித்துப் போகிற யூதர்களும் உண்டு, காஸாவுக்குப் பிடித்துப்போன பணயக்கைதிகளின் படத்தைத் தெருவில் ஒட்டிய யூதர்களும் உண்டு. இரண்டு யூதர் இருந்தால் மூன்று கருத்து என்று அவர்களே கேலி செய்துகொள்வார்கள். ஆனால் தெருமுனைக் குழு இஸ்ரேல் தூதரகம் இல்லை. முதியோர் சாப்பாட்டுப் படத்துக்குக் கீழே போய் நெதன்யாகு செய்ததற்குக் கணக்குக் கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. இப்படி ஒளிந்து நடக்கும் நிலை நமக்கும் வந்திருக்கிறது. சவுத்போர்ட் ஊரில் சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு, 2024 ஆகஸ்டில் குடியேறியவர்களுக்கு எதிராகக் கலவரம் பரவியபோது, தாக்கப்போகும் இடங்கள் என்று ஒரு பட்டியல் போனுக்குப் போன் சுற்றியது. அதில் நம் பார்னெட்டின் நார்த் ஃபின்ச்லியும் இருந்தது. அந்த வாரம் நம் ஆட்களும் வாட்ஸாப் குழுப் படத்தை மாற்றி, கோயில் நிகழ்ச்சி அறிவிப்பை எடுத்துவிட்டுத்தான் இருந்தார்கள்.

ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றினால் அங்கே எழுதாமல், எதிர்வீட்டுக்காரரைப் பார்க்கும்போது வாயால் கேளுங்கள். “செய்தி கேட்டேன், வீட்டில் எல்லோரும் நலமா?” போதும். சனி இரவு கோல்டர்ஸ் கிரீன் ரோட்டு பேக்கரிகள் திறந்த பிறகு கூட்டம் அலைமோதும். வரிசையில் நின்றால் பேச்சு தானாக வரும்.

இப்போது அந்தப் படம். உங்கள் வாசல் நிலையில் வலப்பக்கம் சாய்வாக அடித்திருக்கும் விரல் நீளப் பெட்டி அழைப்பு மணி இல்லை. அது மெசூசா. உள்ளே எழுத்தர் கையால் எழுதிய வேதவரிகள் கொண்ட தோல்சுருள் இருக்கும். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போயிருக்கலாம், இல்லை வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். நீங்களாகக் கழற்றாதீர்கள், பெயின்ட் அடிக்க வந்தவரையும் கழற்ற விடாதீர்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எடுப்பதானால் அவரே வந்து எடுப்பார். அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கதவு எண்ணும் தெருப் பலகையும் மெசூசாவும் ஒரே சட்டத்துக்குள் விழுந்திருக்கின்றன. இது யூதர் வீடு என்று பார்க்கிறவர்களுக்கு முகவரியோடு காட்டிக்கொடுக்கும், அதே வீட்டு மாடியில் குடியிருக்கும் குடும்பத்தை நீங்கள் கேட்கவில்லையே.