படைக்குச் சோறு போட்டவரின் லாபம்

கேள்வி: போர் வந்தால் ஆயுத ஆலைகளுக்குத்தான் கொள்ளை லாபம் என்கிறார்களே, அது முழு உண்மையா?
– வாசகர், தேனி

பதில்: பாதி உண்மை. ஆயுதம் விற்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில், படைக்குச் சோறாக்கிப் போடுபவரை நாம் மறந்துவிடுகிறோம்.

2003-இல் ஈராக்கில் நுழைந்த அமெரிக்கப் படைக்குச் சமைப்பது, துணி துவைப்பது, முகாம் அமைப்பது ஆகிய வேலைகள் பெரும்பாலும் கேபிஆர் என்ற தனியார் நிறுவனத்திடம் இருந்தன. அதன் அன்றைய தாய் நிறுவனமான ஹாலிபர்ட்டனுக்கு 1995 முதல் 2000 வரை தலைமை வகித்த டிக் சேனியே போரின்போது துணை அதிபராகவும் இருந்ததால், விவாதமெல்லாம் அவரைச் சுற்றியே நடந்தது. அவர் செல்வாக்கால்தான் ஒப்பந்தம் கிடைத்ததா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒப்பந்தம் எழுதப்பட்ட விதம் அதைவிட முக்கியமானது என்பது என் கருத்து.

ஆன செலவை அரசு திருப்பித் தரும். அதற்குமேல் மதிப்பிட்ட செலவில் 1 சதவீதம் நிச்சயக் கட்டணம், வேலை திருப்தியாக இருந்தால் 2 சதவீதம் வரை ஊக்கத்தொகை. கேட்பதற்குச் சொற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவு ஏறினால் லாபமும் ஏறும் என்றால் எந்தக் கணக்குப்பிள்ளை சிக்கனம் பார்ப்பார்? முதல் உலகப் போரில் இந்தச் சதவீதக் கணக்கு கெட்ட பெயர் வாங்கியதால், ஆன செலவின்மேல் சதவீதம் தருவதை அமெரிக்கா 1941-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. ‘மதிப்பிட்ட’ என்ற ஒற்றைச் சொல் இந்த ஒப்பந்தத்தை அத்தடைக்கு வெளியே நிறுத்தியது. ஈராக்கிலோ, விலை முடிவாகுமுன்பே வேலை தொடங்கி, பணத்தில் பெரும்பகுதி கரைந்த பிறகு மதிப்பீட்டைப் பேசி முடித்தது பலமுறை நடந்தது. அப்போது ‘மதிப்பிட்ட’ செலவு என்பது ஏறத்தாழ ஆன செலவேதான்.

பரிமாறியதைவிட அதிகமான சாப்பாட்டுக்குக் கணக்கு எழுதப்பட்டதாக ராணுவத் தணிக்கையாளர்கள் ஆட்சேபித்தபோது, எதிர்பார்க்கப்பட்ட தலைக்கணக்குக்கே சமைக்க வேண்டியிருந்தது என்று நிறுவனம் பதில் சொன்னது. ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, மீதியை ராணுவம் கொடுத்துவிட்டது.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் ஒப்பந்தங்களில் வீணாகவும் மோசடியாகவும் போன பணம் 3,100 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை இருக்கும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையமே 2011-இல் மதிப்பிட்டது.

அந்தச் சமையல்கூடங்களில் கரண்டி பிடித்தவர்களில் பலர் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து துணை ஒப்பந்தக்காரர்கள் வழியாகப் போனவர்கள். ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கிப் போனவர்களும் அவர்களில் உண்டு.