தாடை வீங்கும் மேச்சேரிச் செம்மறி ஆடுகள்: பாலக்கோடு நண்பருக்கு

மாதாமாதம் ஒரே புழு மருந்து ஊற்றியும் நாலு ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்குகிறது, சாயங்காலம் பெரிதாகிக் காலையில் வற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ரத்தம் குறைந்து நீர் கோத்திருக்கிறது. பெரும்பாலும் இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் உருளைப்புழுவாக இருக்கும். ஏரிக்கரையில் மேய்த்தால் ஈரல் தட்டைப்புழுவாகவும் இருக்கலாம். எல்லாப் புழு மருந்தும் இந்த இரண்டையும் கொல்லாது.

என்னிடம் ஆடு வளர்க்கப் பழக வரும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவது கண்ணைத்தான். மேல் இமையை விரலால் லேசாக அழுத்திக்கொண்டு கீழ் இமையை இறக்குங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பு என்றால் சரி. வெளிறிய ரோஸ் என்றால் மருந்து வேண்டும். வெள்ளை வெளேரென்று இருந்தால் அன்றே டாக்டர். வெயில் வெளிச்சத்தில் பாருங்கள், கொட்டகை நிழலில் ஏமாந்துவிடுவோம்.

எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை ஊற்றிக்கொண்டே இருந்ததில் புழு அதற்குப் பழகியிருக்கும். எடையைக் கண்மதிப்பில் போட்டுக் குறைவாக ஊற்றினால் இன்னும் மோசம். புதுப் புழுக்கையைக் கவரில் போட்டுக் கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள், சோதனை பார்த்து மருந்தை மாற்றுவார்கள். சினை ஆடு எது என்று மறக்காமல் சொல்லுங்கள். அல்பெண்டசோல் என்ற புழு மருந்து ஆரம்பச் சினைக்கு ஆகாது.

அப்புறம் மேய்ச்சல். பனி காயுமுன் ஓட்டாதீர்கள், ஈரப் புல்லில்தான் புழுக்குஞ்சு ஏறி நிற்கும். வீங்கிய நாலையும் இப்போதைக்குக் கொட்டகையிலேயே கட்டி, வேலித் தழையோடு கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் கொடுங்கள்.