தெளிவு என்னும் இரண்டாம் பகைவன்

கேள்வி: எனக்கு வயது 27. கணக்கர் வேலையில் இருக்கிறேன். கார்லோஸ் காஸ்டனேடாவின் நூல்களைச் சில மாதங்களாக ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துவருகிறேன். ‘சொந்த வரலாற்றை அழித்துவிடு’ என்ற பயிற்சியின்படி பழைய நண்பர்களோடும் என் அக்காவோடும் பேசுவதை நிறுத்திவிட்டேன். வேலையை விட்டுவிட்டு மெக்சிகோ சென்று ஒரு குருவைத் தேடவும், நூலில் வரும் செடிகளை உட்கொண்டு பார்க்கவும் எண்ணியிருக்கிறேன். வாழ்க்கையில் முதல் முறையாக எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நண்பர் ஒருவரோ, அவை அத்தனையும் கட்டுக்கதை என்கிறார். கட்டுக்கதையாகவே இருந்தாலும் அதனால் என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடைசிக் கேள்வி சாமர்த்தியத்துக்காகக் கேட்டது போலத் தோன்றினாலும், கடிதத்திலேயே முக்கியமானது அதுதான். அதற்கு ஒரே விடை கிடையாது. அந்த நூல்களில் உள்ள சிலவற்றுக்கு, கதை பொய் என்று தெரிந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. வேறு சில, கதை பொய்யானால் நிற்கவே முடியாதவை. நீங்கள் செய்யப்போவதாக எழுதியிருக்கும் காரியங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதுதான் என் கவலை.

முதலில் உங்கள் நண்பர் சொன்னதைப் பார்ப்போம். லாஸ் ஏஞ்சலிஸில் மானுடவியல் மாணவராக இருந்த காஸ்டனேடா, 1960இல் அரிசோனாவின் எல்லையோர ஊர் ஒன்றின் பேருந்து நிலையத்தில் டான் ஹுவான் என்ற முதியவரை, மெக்சிகோவின் யாகிப் பழங்குடியைச் சேர்ந்தவரை, சந்தித்து அவரிடம் சீடராக இருந்ததாக எழுதினார். முதல் நூலைக் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1968இல் வெளியிட்டது. 1973இல் அவருக்கு முனைவர் பட்டமும் கிடைத்தது. ஆனால் யாகி மக்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த எட்வர்ட் ஸ்பைசர், இந்தப் போதனைகளுக்கும் யாகிப் பண்பாட்டுக்கும் உள்ள தொடர்பு விளங்கவில்லை என்று 1969ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். நூலில் பெரிதாகப் பேசப்படும், மயக்கக் காட்சிகளைத் தரும் பெயோட்டே கள்ளியைப் புனிதமாகக் கொள்பவர்கள் மெக்சிகோவின் இன்னொரு பழங்குடியான விஷாரிகா மக்கள். அதற்காக அவர்கள் சான் லூயிஸ் பொட்டோசிப் பாலைநிலத்துக்கு யாத்திரை போகிறார்கள். யாகி மக்களிடம் அப்படியொரு வழக்கம் இல்லை. 1976இல் ரிச்சர்ட் டி மில் என்ற எழுத்தாளர், காஸ்டனேடாவின் நூல்களில் வரும் தேதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவை ஒரே மனிதருடைய நாட்குறிப்பாக இருக்க முடியாது என்று காட்டினார். டான் ஹுவானை நேரில் கண்டதாக நம்பத்தக்க வகையில் உறுதிப்படுத்திய வெளியாள் எவரும் இல்லை. அவை நாவல்கள் என்பதும், அவற்றில் முதல் சில நல்ல நாவல்கள் என்பதும் என் முடிவு.

நாவல் என்று ஏற்றுக்கொண்ட பிறகும் கையில் மிஞ்சுபவை உண்டு. மரணம் எப்போதும் இடது தோளுக்குப் பின்னால் நிற்கிறது, முடிவெடுக்கும்போது அதனிடம் கேள் என்று டான் ஹுவான் சொல்கிறார். தன்னைப் பெரிதாக எண்ணிக்கொள்வதில்தான் மனிதனின் பலமெல்லாம் செலவாகிறது என்கிறார். அவர் சொல்லும் வீரன் யாரோடும் சண்டைக்குப் போகிறவன் அல்ல. பலன் என்னவாக இருந்தாலும் எடுத்த காரியத்தைப் பழுதின்றிச் செய்கிறவன். இவற்றைச் சோதிக்கப் பாலைவனம் தேவையில்லை. உங்கள் பேரேட்டில் உள்ள பிழை ஒன்றை மேலாளர் நாலு பேர் முன்னிலையில் சுட்டிக்காட்டும்போது காது மடல் சூடாவதையும், திருத்த வேண்டிய பதிவு அப்படியே கிடக்க, அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்களை மனம் மாலை முழுவதும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பதையும் கவனித்துப் பாருங்கள். டான் ஹுவான் இருந்தாரோ இல்லையோ, அந்த மாலை வீணானது உண்மை.

செடிகளின் கதை வேறு. நூலில் சீடன் ஊமத்தை இனச் செடியை உட்கொண்டு பிழைத்து வருகிறான். பக்கத்தில் அனுபவம் மிக்க ஒருவர் இருந்து அளவு பார்த்துக் கொடுத்தார் என்ற நம்பிக்கைதான் வாசகருக்கும் துணிவு தருகிறது. அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்த அளவை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகிய நஞ்சுகளின் அளவு செடிக்குச் செடி மாறும். ஒரே செடியிலும் இலைக்கும் விதைக்கும் மாறும். புத்தி பேதலிக்கச் செய்யும் அளவுக்கும் உயிரை வாங்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இதில் தயவுசெய்து என்னோடு வாதாடாதீர்கள், வேண்டாம்.

சொந்த வரலாற்றை அழிக்கும் போதனையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காஸ்டனேடா தாம் 1935இல் பிரேசிலில் பிறந்ததாகச் சொல்லிவந்தார். 1925இல் பெரு நாட்டின் கஹமார்க்காவில் பிறந்ததாகக் குடியேற்ற ஆவணங்கள் கூறுவதை டைம் இதழ் 1973இல் வெளியிட்டது. பிறந்த ஊரையும் ஆண்டையும் மறைத்துவந்த ஒருவருக்கு, வரலாற்றை அழிப்பதே ஞானம் என்ற போதனை எவ்வளவு வசதியானது என்று யோசித்துப் பாருங்கள். அது அவரோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். 1990களில் அவரைச் சுற்றி ஒரு குழு இருந்தது. கட்டணப் பயிலரங்குகளில் உடற்பயிற்சி அசைவுகள் கற்பிக்கப்பட்டன. நெருங்கிய வட்டத்தில் இருந்தவர்கள் குடும்பத்தை அறுத்துக்கொள்ளும்படி தூண்டப்பட்டார்கள். 1998 ஏப்ரலில் அவர் கல்லீரல் புற்றுநோயால் இறந்த செய்தியே ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. அதையொட்டி அவ்வட்டத்துப் பெண்கள் சிலர் காணாமல் போனார்கள். அவர்களில் ஒருவருடைய எலும்புகள் 2003இல் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கு என்ற பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்டு, 2006இல் மரபணுச் சோதனை மூலம் இன்னார் என்று உறுதியாயிற்று. உறவை அறுக்கச் சொல்லும் போதனை கடைசியில் யாருக்குப் பயன்பட்டது, யாரைக் காவு கொண்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? உங்கள் அக்காவிடம் இன்றே பேசுங்கள். எதையும் விளக்க வேண்டியதில்லை. வழக்கமாகப் பேசுவதையே பேசினால் போதும்.

எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நூலில், அறிவை நாடுகிறவனுக்கு நான்கு பகைவர்கள் என்று டான் ஹுவான் வரிசைப்படுத்தும் இடத்தை மீண்டும் எடுத்துப் படியுங்கள். முதல் பகைவன் அச்சம். அதை வென்றவனுக்கு வந்து சேரும் தெளிவே இரண்டாம் பகைவன். எல்லாவற்றையும் ஊடுருவிப் பார்த்துவிட்டதாக நினைக்கும் அவன், பொறுக்க வேண்டிய இடத்தில் அவசரப்படுவான், விரைய வேண்டிய இடத்தில் தாமதிப்பான் என்று அங்கேயே எச்சரிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் பகைவன் அதிகார பலம், நான்காம் பகைவன் முதுமை. எழுதியவரே மூன்றாம் பகைவனிடம் தோற்றுப்போனதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

மெக்சிகோவில் குரு தேடுவதைப் பற்றி. வஹாக்கா மாநிலத்து மலையூரான ஹுவாவுட்லாவில் மரியா சபினா என்ற மசாடெக் பழங்குடி வைத்தியர் வாழ்ந்தார். மயக்கக் காட்சிகளைத் தரும் காளான்களைக் கொண்டு அவர் இரவில் நடத்திய சடங்கில் 1955இல் கலந்துகொண்ட கார்டன் வாஸன் என்ற அமெரிக்கர், 1957இல் அதைப் பற்றி லைஃப் இதழில் எழுதினார். அதன்பின் அனுபவம் தேடி வெளியூர் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அந்த ஊருக்கு வந்தார்கள். காவல்துறை நுழைந்தது, ஊரார் பகைத்துக்கொண்டார்கள், சபினாவின் வீடும் எரிக்கப்பட்டது. அங்கே சடங்கு நோயாளியின் பிணி தீர்க்க நடந்தது. வந்தவர்களோ நோயில்லாமல் கடவுளைத் தேடி வந்தார்கள் என்பது அவருடைய மனக்குறை. சைபீரியாவிலும் பல இனங்களில், இப்படிச் சடங்கு நடத்திப் பிணி தீர்ப்பவரின் பொறுப்பு, விரும்பிப் போய்க் கேட்பதாக இல்லாமல், நோயாகவும் துன்பமாகவும் ஒருவர்மீது வந்து இறங்குவதாகவே கருதப்பட்டது. சொந்த விடுதலைக்குப் படிக்கும் பாடமாக அது இருக்கவில்லை. விமானம் ஏறி வரும் சீடருக்காகக் காத்திருக்கும் குரு எவரேனும் உங்களுக்கு அகப்பட்டால், அவருடைய தொழில் என்னவென்று முதலில் விசாரியுங்கள்.

மெக்சிகோவைப் பார்க்கும் ஆசை இருந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வாருங்கள்; அதற்கு ராஜினாமா தேவையில்லை. போவதற்கு முன், மரியா சபினா தம் மொழியில் சொல்லச் சொல்ல, அதே ஊரைச் சேர்ந்த அல்வாரோ எஸ்ட்ராடா பதிவுசெய்து 1977இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றைப் படியுங்கள். காஸ்டனேடாவில் எஞ்சியுள்ள நூல்களையும் படிக்கலாம். நூலகத்தின் நாவல் அடுக்கிலிருந்து எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.