மாலையானால் படுத்துவிடும் இன்டர்நெட்: பெரிய பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். சிம் போட்ட வைஃபை ரவுட்டரை 24 மாத ஒப்பந்தத்தில் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. பகலில் நன்றாக ஓடுகிறது. ராத்திரி ஆனால் லண்டனில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேச முடிவதில்லை. முகம் அப்படியே நின்றுவிடுகிறது, குரல் விட்டுவிட்டு வருகிறது. கடையில் கேட்டால் கூடுதல் டேட்டா உள்ள பேக்கேஜுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

பதில்: மாறாதீர்கள். டேட்டா தீராமலே வேகம் விழும்போது, இன்னும் 100 ஜிபி வாங்கி என்ன பயன்? உங்கள் தெருவே ஒரு டவரைப் பங்கு போட்டுக்கொள்கிறது. வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பியதும் ஆளுக்குக் கிடைக்கும் பங்கு சுருங்கிவிடும்.

முதலில் ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். என் அக்கா வீட்டில் அது டிவி அலமாரிக்குள், சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. மாடி ஜன்னலோரம் வைத்ததும் இரண்டு கோடாக இருந்த சிக்னல் நாலானது. ஆனால் ராத்திரி நெரிசல் அதனால் முழுதாகப் போகவில்லை. தெருவில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசாவின் அங்கீகாரம் இல்லாததை வைப்பது சட்டப்படி குற்றம்.

அப்புறம், ஒரு வாரம் காலை பத்துக்கும் ராத்திரி எட்டுக்கும் ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மற்ற போன்களின் வைஃபையை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும். வீடியோ பேச அப்லோடு வேகமும் முக்கியம், அதையும் ஸ்கிரீன்ஷாட்டில் வையுங்கள். கரண்ட் போன நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். டவர் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும்.

இதை இணைத்து நிறுவனத்துக்கு ஈமெயிலில் புகார் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். தீர்க்காவிட்டால் ஐகாசாவிடம் போகலாம். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, குறையைச் சரிசெய்யவோ கட்டணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பித் தரவோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"கையெழுத்துப் போட்டாச்சு, 24 மாதம் மாட்டிக்கொண்டோம்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வழி செய்கிறது. நியாயமான அபராதமும் ரவுட்டரின் மிச்சப் பணமும் கேட்பார்கள். எவ்வளவு என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். கோபத்தில், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும் டெபிட் ஆர்டரை மட்டும் நிறுத்தாதீர்கள். உங்கள் கடன் பதிவு கெட்டு, நாளை கார் லோனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

வேறு நிறுவனத்துக்குப் போகும் முன் அதன் ப்ரீபெய்டு சிம் ஒன்றைப் போனில் போட்டு, உங்கள் வீட்டிலேயே, ராத்திரி எட்டு மணிக்கு மகளை அழைத்துப் பாருங்கள்.