மலைச்சாலையின் நிலையை லேசர் ஸ்கேனிங் மூலம் அறிய முடியுமா?

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்தின் ஆரியங்காவுக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 744 போன்ற ஒரு சாலையை, வண்டியில் பொருத்திய லேசர் ஸ்கேனரால் அளந்தால் வரைபடமும் மேற்பரப்புச் சேதத்தின் விவரமும் ஒரே ஓட்டத்தில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரைபடம் கிடைக்கும், சேதத்தில் ஒரு பகுதிதான் தெரியவரும். ஆனால் மழை மிகுந்த நம் எல்லைப் பகுதிக்கு மிகவும் வேண்டிய பகுதி அதுவே என்பது, சாலை அளவைப் பணியில் இருக்கும் என் உறுதியான கருத்து.

லேசர் துடிப்பு சாலையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. ஒளி ஒரு நானோ விநாடியில் சுமார் 30 செ.மீ. செல்வதால், நேரத்தில் அவ்வளவு சிறிய பிழை நேர்ந்தாலும், ஒளி போய்த் திரும்புவதால் தூரம் அதில் பாதியான 15 செ.மீ. மாறிவிடும். விநாடிக்குப் பல லட்சம் புள்ளிகள் பதிவாகும்போது வண்டியும் நகர்ந்துகொண்டே இருப்பதால், அதன் இருப்பிடத்தை ஜி.பி.எஸ். கருவியும் சாய்வையும் திருப்பத்தையும் ஐ.எம்.யு. கருவியும் தொடர்ந்து சொல்ல வேண்டும். மரங்கள் கவிந்த வளைவுகளிலும், மலைச்சரிவு வானத்தில் பாதியை மறைக்கும் இடங்களிலும் ஜி.பி.எஸ். தடுமாறும். ஆகவே கோணத்தையும் தூரத்தையும் தரையிலிருந்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால், இடம் துல்லியமாகக் குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்துத் திருத்தாத வரைபடத்தை நான் ஏற்கமாட்டேன்.

மெல்லிய விரிசல்களை இந்த ஸ்கேனரிடம் எதிர்பார்க்க வேண்டாம். அவற்றுக்கு, சாலையின் குறுக்கே லேசர் கோடு பாய்ச்சிக் கேமராவால் படமெடுக்கும் தனிக் கருவி உண்டு.

இந்த ஸ்கேனர் நன்றாகக் காட்டுவது நீர் வடிவதற்கான சாலையின் வாட்டத்தை, அதாவது சரிவை. கனமழைப் பகுதியில் தார்ச்சாலைக்கு 2.5 சதவீதக் குறுக்குச் சரிவு வேண்டும். அதாவது நடுவிலிருந்து 3.5 மீட்டர் தள்ளியுள்ள விளிம்பு ஏறத்தாழ 9 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். புளியரை எஸ் வளைவு போன்ற இடங்களில் சரிவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும்போது, இடையில் சிறிது தூரம் சாலை குறுக்குவாட்டில் சமமாகிவிடும். அங்கே சக்கரத் தடமும் அழுந்தியிருந்தால் நீர் ஓரத்துக்கு வடியாமல் தடத்திலேயே நிற்கும், அல்லது தடத்தின் வழியே கீழ்நோக்கி ஓடும். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் அதன்மேல் செல்லச் செல்லத் தாரும் ஜல்லியும் பிரிந்து குழி விழும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் நடந்த ஆஷோ (மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையின்படி, சக்கர அச்சின் மீதான எடை இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பதை எண்ணிப் பார்த்தால், வாட்டம் கெட்ட இடத்தில் மேலே மட்டும் ஒட்டுப் போடுவது ஏன் அடுத்த மழைக்குள் பெயர்ந்துவிடுகிறது என்பது விளங்கும்.

சாலை காய்ந்திருக்கும்போதே ஸ்கேன் செய்ய வேண்டும். தேங்கிய நீரில் பட்ட கதிர் பெரும்பாலும் வேறு திசையில் தெறித்துவிடுவதால் அந்த இடம் பதிவில் வெறுமையாகிவிடும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு ஒரு முறையும் மழை ஓய்ந்தபின் ஒரு முறையும் அளந்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால் எங்கே எவ்வளவு அமுங்கியது என்பது தெரியும். அடித்தளத்தின் வலுவை லேசர் காணாது. அதை அறிய எடையை விழச்செய்து சாலை எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கும் சோதனையை, இப்படி அமுங்கிய இடங்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.