செயலிகளும் இணைய வாடிக்கையாளர் சேவையும் ஏன் இவ்வளவு கடுப்பேற்றுகின்றன? உங்கள் அனுபவம் என்ன?

நான் தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் சேவைகள் என்று இருக்கும். நாள் முழுக்க நடப்பது என்னவோ, அடுத்தவர் போனைக் கையில் வாங்கி அவருக்காகச் செயலியோடு மல்லுக்கட்டுவதுதான். அதனால் என் சொந்தக் கடுப்பை விட, என் கவுண்டரில் வந்து இறங்கும் ஊர்க் கடுப்பைச் சொல்கிறேன்.

"இதைச் செஞ்சவனுக்கு மூளையே கிடையாது" என்றுதான் எல்லாரும் திட்டுகிறார்கள். பாதி இடங்களில் அது தப்பு. மூளை நிறையவே இருக்கிறது. பணம் கட்டும் பக்கத்தைப் பாருங்கள்: போன தடவை எப்படிக் கட்டினீர்கள் என்று நினைவு வைத்திருக்கும், ஓடிபியைத் தானே படித்துக்கொள்ளும், பெரிய பட்டன் கட்டைவிரலுக்குக் கீழேயே இருக்கும். அதே செயலியில் சந்தாவை நிறுத்தப் போங்கள். அமைப்புகளுக்குள் கணக்கு, கணக்குக்குள் திட்டம், திட்டத்துக்குள் "மேலும் அறிய", அங்கிருந்து வெளிர் சாம்பல் எழுத்தில் ஒரு வரி. அதைத் தொட்டால் "நிஜமாகவே எங்களை விட்டுப் போகிறீர்களா?" என்று ஒரு அழுமூஞ்சிப் படம். ஒரே ஆட்கள்தான் இரண்டையும் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இழுத்துக்கொண்டே போகும் ட்ரோஜன் போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர். 2023 ஜூனில் அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி போட்ட வழக்கிலும் இந்தப் பெயர் வந்தது. 2025 செப்டம்பரில், தப்பை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலருக்கு சமரசம் பேசி முடித்தார்கள். நம் ஊர் ஆட்கள் என்றால் மெகா சீரியல் ஒன்றின் பெயரை வைத்திருப்பார்கள்.

இந்தியாவிலும் இதற்குத் தடை இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 30.11.2023 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது, "இன்னும் 2தான் மிச்சம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சந்தாவில் மாட்டிவைப்பது, கடைசிப் பக்கத்தில் விலையை ஏற்றுவது, வேண்டாம் என்றால் கூச்சப்படும்படி பேசுவது எல்லாம் அதில் உண்டு. விமான டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு வேண்டாம் என்பவரை "நான் பாதுகாப்பில்லாமலே இருக்கிறேன்" என்ற பட்டனை அமுக்க வைப்பதை உதாரணமாகவே எழுதியிருக்கிறார்கள்.

உதவிப் பகுதியின் கதையும் இதே குடும்பம்தான். பக்கத்துத் தெரு பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருநாள் வந்தார். ரீசார்ஜுக்குப் பணம் போய்விட்டது, ரீசார்ஜ் வரவில்லை. செயலியில் உதவியைத் திறந்தேன். சாட்பாட், அதாவது தானாகப் பதில் சொல்லும் மென்பொருள், ஒரு பெண் பொம்மையாக வந்து கையை ஆட்டி, நான் உங்கள் தோழி, என்ன வேண்டும் என்றது. கீழே நான்கு பட்டன்: ஆஃபர்கள், என் பாயிண்ட்கள், நண்பரை அழைக்க, பணம் செலுத்துதல். கடைசியைத் தொட்டால் பணம் செலுத்துவது எப்படி என்று பாடம் நடத்துகிறது. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கி அவரே அடித்தார்: "ரூவா போயிட்டு. ரீசார்ஜ் ஏறல." உடனே பதில் வந்தது: "அருமை! ரீசார்ஜ் செய்ய விரும்புகிறீர்களா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏய்யா, இவ நம்மளக் கேலி பண்ணுதாளா?"

அடுத்த நொடி, இந்த உரையாடல் எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரங்கள் வந்து திரையை மறைத்தன. அதை மூட ஒரு பெருக்கல் குறி எங்கேயும் இல்லை. நட்சத்திரம் போட்டால்தான் வழி விடும்.

இந்த மாதிரிக்கு நான் பொம்மையோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். நேராக யுபிஐ வரலாற்றில் போய் பணம் போனதற்கு அடையாளமான அந்த 12 இலக்க யுடிஆர் எண்ணை எடுப்பேன், ஸ்க்ரீன்ஷாட் எடுப்பேன், செயலியின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலைத் தேடி எழுதுவேன். 2020 மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்கிற ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஒருவரை நியமித்து, பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே ரிசர்வ் வங்கியின் 20.9.2019 சுற்றறிக்கையையும் ஒரு வரி சேர்ப்பேன். யுபிஐயில் ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியதற்கு உறுதி வராவிட்டால் 5 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், நாம் கேட்காமலே தர வேண்டும். அண்ணாச்சிக்குப் பணம் வந்துவிட்டது. அந்த 100 ரூபாய் கணக்கு வரவில்லை, அவரும் விட்டுவிட்டார். நான் விடச் சொல்லவில்லை.

அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தமிழிலும் பேசலாம். வங்கி சம்பந்தப்பட்டது என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே போடலாம். சந்தேகம் கேட்க 14448. நுகர்வோர் ஆணையத்திலும் இணைய வழியாக வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இதெல்லாம் தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

போன் நம்பரை ஒளித்து வைப்பதில் இன்னொரு கேடு இருக்கிறது, இதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. செயலிக்குள் நம்பர் இல்லை என்றதும் ஜனங்கள் கூகுளில் தேடுகிறார்கள். அங்கே மோசடிக்காரன் கஸ்டமர் கேர் என்று தன் நம்பரைப் போட்டுக் காத்திருக்கிறான். முதல் ரிங்கிலேயே எடுப்பான், "சொல்லுங்க சார்" என்பான், பொறுமையாகக் கேட்பான். ஒரு செயலியை இறக்கச் சொல்லி உங்கள் திரையை அவன் பக்கம் பார்ப்பான். நிஜக் கம்பெனி தராத மரியாதை எல்லாம் திருடனிடம் கிடைக்கிறது. பணம் போனால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.

பொம்மை தப்பாகச் சொன்னால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் கனடாவில் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. 2024 பிப்ரவரி, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம். குடும்பத்தில் இறப்பு நேர்ந்தவர்களுக்கான கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணியிடம் சொல்லிவிட்டது. அப்படி விதி இல்லை என்று நிறுவனம் கைவிரித்தது. சாட்பாட் தனி ஆள், அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்கிற தொனியில் வாதாடினார்கள். தீர்ப்பாயம் ஒத்துக்கொள்ளவில்லை, பணத்தைக் கொடுக்கச் சொன்னது. நம் ஊரில் எந்த பாட் எதைச் சொன்னாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் காசுக்காக வேண்டுமென்றே செய்கிற வகை. எரிச்சல் வரும், ஆனாலும் நான் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. உங்கள் பணம் வேண்டும் என்பதற்காகவாவது நீங்கள் ஒருவர் இருப்பது அவர்களுக்குத் தெரியும். என் கடையில் ஜனங்களை நிஜமாக அலைய வைப்பது மற்றொரு வகை. அதைச் செய்தவர்களுக்கு இப்படி ஒரு ஆள் உலகத்தில் இருப்பதே தெரியாது.

இனிஷியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண், பெயர் மு. வள்ளி என்று வைத்துக்கொள்வோம். மு என்றால் அப்பா முத்தையா. வங்கிச் செயலியில் கணக்குத் தொடங்க வருகிறாள். முதல் பெயர் வள்ளி. கடைசிப் பெயர்? எம் என்று போட்டால் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்று சிவப்பில் கத்துகிறது. காலியாக விட முடியாது. சரி என்று முத்தையா என்று போட்டாயிற்று. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை போனுக்கு "அன்புள்ள முத்தையா, உங்களுக்கு 2 லட்சம் வரை கடன் தயார்" என்று செய்தி. அம்மா அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "மனுசன் போய்ச் சேந்து வருசமாச்சி தம்பி. இருக்கையில கேட்டதுக்கு ஒருத்தன் குடுக்கல, இப்பக் கூப்ட்டுக் குடுக்காங்க."

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பான் விண்ணப்பத்தில் இனிஷியல் கூடாது, விரித்து எழுத வேண்டும் என்பது விதி. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர் அதைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் எழுத வேண்டும். ஆதாரில் வள்ளி எம் என்று இருக்கும். பள்ளிச் சான்றிதழில் எம். வள்ளி. கல்யாணம் ஆனால் ரேஷன் கார்டில் கணவர் பெயரின் முதல் எழுத்து வந்து உட்கார்ந்துவிடும். நாலும் ஒரே ஆள் என்று தெருவில் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயரை ஒப்பிடும் மென்பொருளுக்குத் தெரியாது. "பெயர் பொருந்தவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது." எந்த எழுத்து பொருந்தவில்லை என்று சொல்லாது. ஆதாரில் மாற்றலாம் என்றால் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும். 2023 ஜூன் 30-க்குள் 1,000 ரூபாய் கட்டி பானையும் ஆதாரையும் இணைக்கச் சொன்னபோது, பணம் கட்டியும் பெயரில் இடறி நின்றவர்கள் என் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள்.

எங்கள் பக்கம் கடையநல்லூர் முதல் பல ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் பரவாயில்லை என்று பிறகு ஒரு விளக்கமும் வந்தது. மகளைப் பார்க்கக் கிளம்பி டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். குடும்பப் பெயர் இல்லாத நாகரிகம் ஒன்று இருக்கிறது என்று அந்தக் கட்டத்தை வரைந்தவருக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்தது உடம்பு. பீடி சுற்றுகிற அக்காமாருக்கும் கொத்தனார்களுக்கும் கைரேகை தேய்ந்துபோயிருக்கும். மெஷினில் விரலை வைத்து, துடைத்து, எண்ணெய் தொட்டு, மறுபடி வைத்து, கடைசியில் கைரேகை பொருந்தவில்லை. சரி, ஓடிபி போடலாம் என்றால் ஆதாரில் இணைத்த நம்பர் திருப்பூரில் இருக்கும் மகனிடம். அவன் ஷிப்டில் இருப்பான், போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரையில் ஓடிபிக்கான நொடிகள் குறைந்துகொண்டே வரும், பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தைக் காட்டும் முறை வந்தபோது அப்பாடா என்று இருந்தது. அதிலும் "கண் சிமிட்டுங்கள்" என்கிறது. கண் ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி கட்டிக்கொண்டு வந்தவர் எப்படிச் சிமிட்டுவார்?

இந்தச் சிமிட்டல் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணால் சிமிட்ட முடியவில்லை என்பதால் வங்கிக் கணக்கு மறுக்கப்பட்டது. அவரைப் போன்றவர்களும், பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் 30.4.2025 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவைகளை எட்டிப் பயன்படுத்துவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றார்கள். 20 உத்தரவுகள் போட்டார்கள். உயிரோடு இருக்கிற ஆள்தானா என்று பார்க்கச் சிமிட்டலைத் தவிர வேறு வழியும் வேண்டும், மெஷின் நிராகரித்த விண்ணப்பத்தை ஒரு மனிதர் மறுபடி பார்க்க ஏற்பாடு வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. அதையொட்டி 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியும் வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்யும் தன் கேஒய்சி விதிகளைத் திருத்தி, இந்தச் சோதனை சிறப்புத் தேவை உள்ளவர்களை வெளியே தள்ளுவதாக இருக்கக் கூடாது என்று எழுதியது.

எனக்கு அந்த 20-ல் பிடித்தது மனிதர் பார்க்க வேண்டும் என்பதுதான். வள்ளி எம்மும் வள்ளி முத்தையாவும் ஒரே ஆள் என்று சொல்ல, கையில் இரண்டு அட்டையை வைத்துக்கொண்டு பார்க்கும் ஒரு கிளர்க்குக்கு அரை நிமிடம் போதும். பழைய கிளையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். முறைப்பார்கள், சாப்பாட்டு நேரம் என்பார்கள், ஆனாலும் செய்தார்கள்.

உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவருக்கோ இப்படி மெஷின் நிராகரித்தால், அதே செயலியில் திரும்பத் திரும்ப முயற்சி செய்யாதீர்கள். பல செயலிகள் சில தடவைக்குப் பிறகு கணக்கையே பூட்டிவிடும். கிளைக்குப் போய், என்ன காரணத்துக்காக நிராகரித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெயர்ச் சிக்கல் என்றால் பாஸ்போர்ட், பான், ஆதார் மூன்றில் எது மாற்றக் கடினமோ அதைத் தொடாமல், மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் கை வைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் குழந்தை பிறந்த வீட்டில் பிறப்புச் சான்றிதழிலேயே குழந்தையின் பெயரோடு, இனிஷியலுக்குப் பதிலாக, அப்பா பெயரையோ அம்மா பெயரையோ முழுசாக விரித்து எழுதிவிடுங்கள். தாத்தாக்கள் வருத்தப்படுவார்கள், எங்கள் வீட்டிலும் வருத்தப்பட்டார்கள்.